சேகண்டி அடிக்கும் பயில்வான் யாருடைய ஆள்?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் உங்கள் தாத்தா, அறுபதுகளில் பஸ் பிடித்து ஹட்டன் டவுனுக்குப் போய் இங்கிலீஷ் படம் பார்த்தவர். படம் தொடங்குமுன் சட்டை போடாத ஒரு பயில்வான் ஆளுயரத்துக்கு மேலான சேகண்டி ஒன்றை ஓங்கி அடிப்பான் என்கிறார். அவன் நிஜத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரன், அடித்தது நிஜச் சேகண்டி, அப்போது வந்த வெள்ளைக்காரப் படம் எல்லாவற்றையும் எடுத்தது அந்தக் கம்பனிதான் என்பது அவர் கணக்கு. நீங்கள் கேட்டது கம்பனியின் பெயரை. கேள்வியை இரண்டாம் தரம் வாசித்தபோது, தாத்தா சொல்வதில் எவ்வளவை நம்பலாம் என்பதைத்தான் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று பட்டது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் 1964இல் மலைநாட்டு டவுன் ஒன்றின் தியேட்டரில் படம் ஓட்டும் ஒப்பரேட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, முப்பது வருடத்துக்குக் கிட்ட அந்தச் சூடான அறையில் இருந்தவன். சினிமா வரலாறு படித்தவன் இல்லை. மெசினைப் பற்றியும் படப்பெட்டியைப் பற்றியும் சொல்வது என் கை அறிந்தது. சீமைக் கதை பிற்பாடு வாசித்துச் சேர்த்தது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கம்பனி விஷயத்தில் சந்தேகமே இல்லை. திரையில் தாத்தா வாசித்த பெயர் ‘ஜே. ஆர்தர் ராங்க்’. ஆனால் சேகண்டி முதலில் ராங்கின் சொத்து இல்லை. 1935இல் லண்டனில் சி. எம். வுல்ஃப் என்ற பழுத்த சினிமா வியாபாரி ‘ஜெனரல் பிலிம் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ்’ என்றொரு விநியோகக் கம்பனி தொடங்கினார். சேகண்டிக்காரன் அந்தக் கம்பனியின் முத்திரை. ராங்க் என்பவர் கோதுமை மா ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, மெதடிஸ்ட் திருச்சபையில் ஞாயிறு பாடசாலை நடத்தியவர். பிள்ளைகளுக்கு வேதப் படம் காட்டத் தொடங்கி, நல்ல படம் கிடைக்கவில்லை என்று தானே எடுக்கப் போய், எடுத்த படத்தைத் தியேட்டரில் போட யாரும் வராததால் விநியோகத்துக்குள்ளும் இறங்கிய ஆள். வுல்ஃபின் கம்பனி சீக்கிரமே அவர் கைக்குள் வந்தது. நாற்பதுகளில் பைன்வுட் ஸ்டூடியோவும் ஓடியன், கோமொண்ட் தியேட்டர் வரிசைகளுமாக 600க்கு மேற்பட்ட தியேட்டர்கள் அவரிடம் இருந்தன. மாவு விற்றவர் ஒரு நாட்டின் சினிமாவில் பாதியைக் கட்டி ஆண்டது பெரிய கதை, அதை விடுவோம். ஐம்பதுகளின் நடுவில் விநியோகக் கம்பனிக்கும் ராங்கின் பெயரையே வைத்தார்கள். 1997இல் அது கைமாறிப் போனது.

இப்போது தாத்தாவின் மூன்றாவது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. ‘அந்தக் கம்பனிதான் எல்லாப் படத்தையும் எடுத்தது.’ இல்லை. எடுத்தவன் வேறு, பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் வேறு. தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடையில் விற்கும் தேயிலைப் பக்கெட்டில் யார் பெயர் இருக்கிறது? கொழுந்து பறித்த மலையின் பெயரா, அரைத்த ஃபெக்டரியின் பெயரா? விற்கிறவன் பெயர் முன்னால் பெரிதாக இருக்கும், தோட்டத்தின் பெயர் இருந்தால் புண்ணியம். படத்திலும் அப்படித்தான். முதலில் வருவது விநியோகக்காரனின் முத்திரை, அதன் பின்னால்தான் எடுத்தவனுடையது. 1948இல் வந்த ‘ரெட் ஷூஸ்’ படத்தை எங்காவது பிடித்துப் பாருங்கள். முதலில் சேகண்டி. அடுத்து வட்டம் வட்டமாக ஒரு குறிப்பலகை, அதில் அம்புகள் குத்தி நிற்கும். அம்புதான் படத்தை எடுத்த ‘ஆர்ச்சர்ஸ்’ கம்பனி. சேகண்டி அதைச் சுமந்து திரிந்த கம்பனி. தவிர, அமெரிக்க யூனிவர்சல் கம்பனியின் படங்களைப் பிரிட்டனில் வெளியிட்டதும் இதே ஜெனரல் பிலிம்ஸ்தான். ஆகவே சேகண்டி அடித்தால் அது பிரிட்டிஷ் படம் என்றுகூடக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இந்தக் குழப்பம் நம் பக்கத்தில் இன்னொரு விதமாகவும் உண்டு. கித்துல்கலையில் பாலம் கட்டி, 1957இல் அதை வெடி வைத்துத் தகர்த்து எடுத்தார்களே, அந்தக் ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை எங்கள் ஆட்கள் பலர் சேகண்டிப் படம் என்றே சொல்வார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம், இங்கிலீஷ் டைரக்டர், கினிகத்தேனைக்குக் கீழே நடந்த சங்கதி, அப்போ ராங்க் என்று முடிவு. அது கொலம்பியா. அதன் தலையில் தீப்பந்தம் பிடித்த பெண்தான் நிற்பாள். மாறாக, கிரெகரி பெக் நடித்து 1954இல் வந்த ‘பர்ப்பிள் பிளெய்ன்’ பர்மாவில் நடக்கும் கதை, ஆனால் வெளிப்புறக் காட்சிகள் நம் நாட்டில் எடுத்தவை. அது சேகண்டிக் கம்பனியின் படம். தாத்தா எந்தப் படத்தை நினைத்துச் சொல்கிறார் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, குத்துச்சண்டைக்காரன். இதில் தாத்தாவுக்கு நான் அரை மதிப்பெண் கொடுப்பேன். சேகண்டிக்காரன் ஒருவன் இல்லை. இத்தனை வருடத்தில் நாலு பேர் மாறியிருக்கிறார்கள். முதல் ஆள் கார்ல் டேன், சர்க்கஸ் பயில்வான். அடுத்தவர் ‘பொம்பாடியர்’ பில்லி வெல்ஸ். இவர்தான் குத்துச்சண்டைக்காரர், 1911 தொடக்கம் 1919 வரை பிரிட்டனின் பெரிய எடைச் சாம்பியன். பொம்பாடியர் என்பது பீரங்கிப் படையில் இருந்த பதவி. இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தபோதே கையுறை மாட்டிச் சண்டை போட்டவர். மூன்றாமவர் பில் நீமன். ஐம்பதுகளின் நடுவில் வந்த நாலாமவர் கென் ரிச்மண்ட் மல்யுத்தக்காரர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினவர். தாத்தா அறுபதுகளில் புதுப்படம் பார்த்திருந்தால் அவர் கண்டது ரிச்மண்டை. ஆனால் மலைநாட்டுக்குப் புதுப்படம் மட்டுமா வந்தது? கொழும்பில் ஓடித் தேய்ந்து, கண்டியில் ஓடிக் கிழிந்து, பத்துப் பன்னிரண்டு வருடப் பழசுகளும் எங்களுக்கு வரும். அப்படி ஒரு பழைய பிரதியில் வெல்ஸ் நின்றிருக்கலாம். எது என்று இப்போது அடித்துச் சொல்ல வழியில்லை. குத்துச்சண்டைக்காரன் என்ற பேச்சுக்கு மூலம் வெல்ஸ் என்பது மட்டும் நிச்சயம். நாலு பேருக்கும் உடம்பில் ஒரே எண்ணெய்ப் பளபளப்பு, மலிவு டிக்கெட் கெலரியில் இருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும்.

நிஜச் சேகண்டியா என்ற கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் மனதை உடைக்கும். அது சேகண்டியே இல்லை. காகிதக்கூழும் சுண்ணாம்புச் சாந்துமாகச் செய்து வெண்கலப் பூச்சுப் பூசிய டம்மி. ஓங்கி அடித்தால் கோல் மறுபக்கம் வந்துவிடும் என்பதால் பயில்வான் தொட்டும் தொடாமலும்தான் அடிக்க வேண்டும். அத்தனை தசையும் அடிக்காமல் இருப்பதற்குத்தான்! சத்தம் வேறொருவருடையது. ஜேம்ஸ் பிளேட்ஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர், சீனத்துத் தட்டு ஒன்றைத் தட்டிப் பதிவு செய்து கொடுத்தார். திரையில் தெரிந்ததைவிட மிகச் சிறியது அது. இரண்டாம் உலகப் போரில் பிபிசி வானொலி ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் முன்னால் ‘டும் டும் டும் டூம்’ என்று ஒரு முரசு வருமே, அதை அடித்ததும் இதே மனிதர். உலகம் முழுக்கக் கேட்ட இரண்டு அடிகள் ஒரே கையில் பிறந்தவை, அந்தக் கையைத் திரையில் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் கெலரியில் அந்த அடி விழும்போது என்ன நடக்கும் என்று தாத்தா சொன்னாரா? தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் பதிவதற்கு, தப்படிப்பார்கள். இருட்டில், மழையில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவு ஒவ்வொன்றும் திறக்கும்வரை அந்தத் தப்பு விடாது. அதற்கே பழகின காதுகள் எங்கள் கெலரியில் இருந்தவை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் காசு கொடுத்து உட்கார்ந்தால், திரையில் ஒருவன் சேகண்டி அடிக்கிறான். ‘டேய், பிரட்டுக்கு அடிச்சிட்டான், எந்திரிங்கடா’ என்று யாராவது ஒருவர் கத்துவார், கெலரியே சிரிக்கும். மேலே பல்கனியில் துரைமார் இருந்தால் அவர்களுக்கு எதற்குச் சிரிப்பு என்று விளங்காது. இது எங்கள் தியேட்டர் கதை. மற்ற ஊர்களிலும் இப்படித்தான் இருந்ததா என்று நான் சாட்சி சொல்ல முடியாது.

ஒப்பரேட்டர் அறையில் சேகண்டிக்கு வேறு மரியாதை. எங்கள் மெசினின் பெயர் கேலி. சிரிக்காதீர்கள், நாங்களே நிறையச் சிரித்தாயிற்று. லீட்ஸ் நகரத்து ஏ. கெர்ஷோ என்பவர் செய்த மெசின். கெர்ஷோவின் ‘கே’, முதலெழுத்தான ‘ஏ’, லீட்ஸில் ‘லீ’, மூன்றையும் ஒட்டினால் கேலி. அந்த வேலைத்தலமும் பிற்காலத்தில் ராங்க் குடும்பத்துக்குள் போய்விட்டது. ஆகவே முன்னால் திரையில் அடித்தவனும் ராங்க், பின்னால் வெளிச்சம் பாய்ச்சிய இரும்பும் ராங்க், நடுவில் நாங்கள்.

ஃபிலிமில் படமும் அதற்குரிய சத்தமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. படம் வெளிச்சத்துக்கு முன்னால் விட்டு விட்டு நகர வேண்டும், சத்தம் வாசிக்கிற உருளையில் ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாததால், சத்தத்தைப் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதிந்திருப்பார்கள். கையில் அளந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஓட்டத்தில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மெசினில் ஃபிலிம் மாட்டும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் தொங்கவிடுவோம். வளையம் பெரிதானால் சத்தம் பிந்தும், சிறிதானால் முந்தும். பேசுகிற வாயைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் பிடிக்கும், அதுவும் விளங்காத இங்கிலீஷ் என்றால் கேட்கவே வேண்டாம். சேகண்டி ஒரே அடியில் காட்டிக் கொடுத்துவிடும். கோல் படுகிற கணமும் சத்தம் எழுகிற கணமும் ஒன்றாக விழுந்தால் மெசின் சரி. மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் ஒப்பரேட்டர் அந்த நேரத்தில் யாரையும் பேச விடமாட்டார், சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். அதற்கும் ஒரு கழிவு உண்டு. திரைப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து எங்கள் ஜன்னலுக்குத் தொண்ணூறடி இருக்கும், சத்தம் வந்துசேரவே இரண்டு பிரேம் நேரம் ஆகும். நமக்கு ஒரு பொட்டுப் பிந்திக் கேட்டால்தான் நடுவில் இருக்கிறவனுக்குச் சரியாகக் கேட்கும் என்பார்.

இதில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முத்திரை இருப்பது முதல் ரீலின் தலையில். மாட்டும்போதும் கழற்றும்போதும் முதலில் அடிபடுவது அந்த இடம். மழை பெய்கிற மாதிரிக் கோடுகளும், பல் கிழிந்த ஓரங்களும், முந்தின ஊரில் யாரோ அவசரத்துக்கு ஒட்டிய ஒட்டும் எல்லாம் அங்கேதான். ஒரு தடவை பெட்டி திறந்தபோது பயில்வான் கை ஓங்குகிற இடம் கந்தலாக இருந்தது. சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, என்னை வெட்டி ஒட்டச் சொன்னார் மாஸ்டர். கிழிந்தது முக்கால் முழம். வெட்டினேன். ஓரத்தை பிளேடால் சுரண்டி, நகப்பூச்சு மாதிரி மணக்கிற ஃபிலிம் ஒட்டும் சிமெந்தைத் தடவி, நன்றாகவே ஒட்டினேன். கை ஓங்குவது போனாலும் அடி இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். முழக் கணக்கு மறந்துவிட்டது. கை ஓங்கும் படத்துக்குப் பக்கத்தில் பதிந்திருப்பது அடி விழும் சத்தம். காட்சி தொடங்கியது. பயில்வான் அடித்தான். சத்தமே இல்லை. அரைக் கணம் கழித்து, எங்கிருந்தோ ‘ம்ம்ம்ம்’ என்று வால் மட்டும் வந்தது. ஒரு விநாடி தியேட்டர் முழுக்க அமைதி, அப்புறம் கெலரி மொத்தமும் சேர்ந்து ‘டொய்ங்ங்’ என்று வாயால் அடித்துக் கொடுத்தது. ‘டே தம்பி, பயில்வானுக்கு வாயைக் கட்டிட்டியேடா’ என்றார் மாஸ்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பெட்டி எங்களிடம் இருந்த நாலு நாளும் கெலரிதான் சேகண்டி அடித்தது.

பெட்டி எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1972க்கு முன்னால் எல்லாம் தனியார் கையில். சிற்றம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ் பெரியது. கே. குணரத்தினத்தின் சினிமாஸ் கம்பனி இன்னொரு பெரிய கை. கொழும்பில் இருந்து படப்பெட்டி ராத்திரி மெயிலில் ஏறும், விடியக்காலையில் ஸ்டேஷனில் போய் நாங்கள் இறக்குவோம். தகரப் பெட்டி, குளிரில் கை ஒட்டும். காட்சி முடிந்த நாளே அடுத்த டவுனுக்கு அனுப்ப வேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இறக்குமதியும் விநியோகமும் அதன் கையில். பயில்வான் அதற்குப் பிறகும் இடைக்கிடை வந்தான், ஆனால் அவனைப் பெட்டியில் அனுப்புகிற ஆள் மாறிவிட்டார்.

சென்னை ஜெமினிக் கம்பனியின் முத்திரையில் வரும் ஊதுகுழல் பிள்ளைகளும் இதே மாதிரியா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, ஒரு வகையில் ஆமாம். ஜெமினியும் பிறந்தது விநியோகமாகத்தான், ‘ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட்’ என்ற பெயரில். அதன் முதலாளி எஸ். எஸ். வாசன் ஸ்டூடியோ வாங்கியது அப்புறம். ஆகையால் அந்த இரட்டைப் பிள்ளைகள் படம் எடுக்கிறவனாக ஆகுமுன்பே பெட்டி சுமந்த கம்பனியின் பெயரைத் தாங்கியவர்கள். அந்தப் பெயர் அவர் ராசியில் வந்தது என்று ஒரு பேச்சு, பந்தயக் குதிரையின் பெயர் என்று ஒரு பேச்சு. இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன, ஒன்றையும் நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் கெலரிக்கு அந்தப் பிள்ளைகள் ஊதினால் விசில், பயில்வான் அடித்தால் சிரிப்பு. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டியிருக்கிறேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

தாத்தாவிடம் மேலே சொன்ன படப் பெயரைக் கேட்கும்போது இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள். அவர் பார்த்தது ஹட்டனிலேயேதானா, அல்லது பக்கத்து டவுன் எதிலாவதா? அப்படியே, பயில்வான் அடித்தபோது சத்தம் கேட்டதா என்றும் கேளுங்கள். கேட்கவில்லை, ஜனங்கள்தான் வாயால் அடித்தார்கள் என்று சொன்னால், அன்றைக்கு மேலே ஒப்பரேட்டர் அறையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன் நான்தான்.